பனியன் கம்பெனியில் மன அழுத்தத்தைத் தடுப்பது எப்படி: தையல் லைனிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

விரலில் குத்திவிடக் கூடாது என்று தையல் மிஷின் ஊசிக்குக் காவல் மாட்டுகிறோம். சேலை சிக்கிவிடக் கூடாது என்று பெல்ட்டுக்கு மூடி போடுகிறோம். அதே மிஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் முடியாத கணக்கைக் கொடுத்து, அது வராதபோதெல்லாம் லைன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டால் அதுவும் காயம்தான். தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் நின்றுபோவார். வேலையின் அளவு, நேரம், அதிகாரம் செலுத்தும் விதம், கூலி, அவமதிப்பு ஆகியவற்றிலிருந்து மனதுக்கு வரும் இந்தக் கேட்டைத்தான் துறையில் உளசமூக இடர் என்கிறார்கள்.

இந்த வழிகாட்டி திருப்பூர் வட்டாரத்தில் ஏறக்குறைய 300 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதலாளி, எச்.ஆர்., ப்ளோர் இன்சார்ஜ், தொழிற்சங்கத்தார் என யாரும் இதைக் கையில் எடுக்கலாம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலையைத் திருத்தாமல் ஆளை மட்டும் தேற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. மாதம் ஒரு யோகா வகுப்பு வைத்துவிட்டு, அன்று இரவே பத்து மணி வரை லைன் ஓட்டினால் எந்தப் பலனும் இல்லை. பணியிட மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் வேலை அமைந்திருக்கும் விதத்தைச் சரிசெய்யச் சொல்கின்றன. சர்வதேசத் தர அமைப்பு இதற்கென்றே 2021இல் ஐ.எஸ்.ஓ. 45003 என்ற தரத்தை வெளியிட்டது.

1. குழு அமைத்தல்

ஏழு பேர் போதும். உற்பத்திப் பொறுப்பாளர் ஒருவர், எச்.ஆர். ஒருவர், லைன் சூப்பர்வைசர் ஒருவர், மீதி நால்வர் தொழிலாளர்கள்: டெய்லர், செக்கிங், அயர்ன் அல்லது பேக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவும் கையாள்) என்று பகுதிக்கு ஒருவர். நால்வரில் குறைந்தது இருவர் பெண்கள், ஒருவர் வடமாநிலத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். தொழிலாளர் உறுப்பினர்களை நிர்வாகம் கைகாட்டக் கூடாது. அந்தந்தப் பகுதியில் இருப்பவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தொழிற்சங்கமோ பணிக்குழுவோ ஏற்கெனவே இருந்தால் அவர்கள் வழியாகச் செய்யுங்கள்.

முதலாளி ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை மூன்று: பேசியவர் மீது எந்த நடவடிக்கையும் வராது, குழுக் கூட்டம் சம்பள நேரத்தில் நடக்கும், குழு சொல்வதற்கு 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வரும். மூன்றாவது இல்லாவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வரமாட்டார்கள்.

2. கையில் இருக்கும் ரிஜிஸ்டர்களைப் படித்தல்

கேள்வித்தாள் அச்சடிக்கும் முன் கடந்த மூன்று மாதப் பதிவுகளை எடுத்து லைன் வாரியாகப் பிரியுங்கள். கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே கணக்காகப் போட்டால் ஒன்றும் தெரியாது.

வருகைப் பதிவேட்டில், சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் திங்கட்கிழமை ஆள் குறைவது எல்லா லைனிலும் இருக்கும். ஒரே ஒரு லைனில் மட்டும் அது மற்றவற்றைப் போல் இரு மடங்காக இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து 30 நாளுக்குள் நின்றவர்கள் எந்தச் சூப்பர்வைசரின் கீழ் இருந்தார்கள் என்று எழுதுங்கள். ஓவர்டைமில் சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகம் செய்த பத்துப் பேரைப் பாருங்கள். 20 பேர் லைனில் வாரச் சராசரி 6 மணி என்றால் எல்லாருக்கும் ஆறாறு மணியாக இருக்கலாம், ஐந்து பேர் மட்டும் தலைக்கு 24 மணி செய்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது முதலுதவிப் பெட்டிக் குறிப்பு. பலர் இதைத் தொடுவதே இல்லை. ஊசி குத்திய காயங்கள் எந்த மணியில் நடந்தன என்று வரிசைப்படுத்துங்கள். மாலை ஆறு மணிக்குமேல் குவிந்திருந்தால் அது களைப்பின் கணக்கு. தலைவலி மாத்திரை எந்த லைனுக்கு அதிகம் போகிறது என்பதையும் பாருங்கள். அதோடு, செக்கிங்கில் திருப்பி அனுப்பிய பீஸ்களின் சதவீதத்தைப் பக்கத்தில் வையுங்கள். மிரட்டி ஓட்டும் லைனில் மணிக்கு வரும் பீஸ் கணக்கு நன்றாக இருக்கும், ஆல்டரேஷன் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) ஏறியிருக்கும்.

3. தொழிலாளர்களிடம் கேட்டல்

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு கூட்டமாக, 45 நிமிடம், வேலை நேரத்திலேயே நடத்துங்கள். சூப்பர்வைசர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பெண்களுக்குத் தனிக் கூட்டம். இந்தி, ஒடியா பேசுபவர்களுக்கு அவரவர் மொழியில் தனிக் கூட்டம். அவர்களை வேலைக்கு அழைத்து வந்த ஏஜென்டை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர் முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

"மன அழுத்தம் இருக்கிறதா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றுதான் பதில் வரும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு இதை ஆறு தலைப்பில் வைத்திருக்கிறது: வேலையின் சுமை, தன் வேலையில் தனக்குள்ள பிடி, உதவி, ஆட்களிடையே உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். அவற்றைப் பனியன் கம்பெனிப் பேச்சுக்கு மாற்றினால் கேள்விகள் இப்படி வரும்:

- போட்ட டார்கெட்டை இடைவேளையைத் தியாகம் செய்யாமல் முடிக்க முடிகிறதா?
- பாத்ரூம் போகவேண்டுமென்றால் கேட்காமல், பயப்படாமல் எழுந்து போக முடிகிறதா?
- இன்று ராத்திரி நிற்க வேண்டும் என்று எத்தனை மணிக்குத் தெரிகிறது? முடியாது என்றால் என்ன ஆகும்?
- மிஷின் ரிப்பேர் என்றால் மெக்கானிக் எவ்வளவு நேரத்தில் வருகிறார்? அந்த நேரத்துக்குக் கூலி உண்டா?
- கடந்த ஒரு மாதத்தில் உங்களையோ பக்கத்தில் இருப்பவரையோ யாராவது கேவலமாகப் பேசினார்களா?
- சூப்பர்வைசர் ஒன்று, குவாலிட்டி ஒன்று சொன்னால் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?
- பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கான கூலி) என்ன என்பது தைக்கும் முன்பே தெரிகிறதா?
- வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின் தூக்கம் வருகிறதா?

எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்கள் இருப்பார்கள். பெயரில்லாத கருத்தெடுப்புக்கு நம் கம்பெனியில் பட்டனே போதும். ஆளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பில் ஒவ்வொரு பட்டன் கொடுங்கள். கேள்வியை ஒருவர் சத்தமாகப் படிக்க, பதிலுக்கான பட்டனை மட்டும் மூடிய துணிப்பைக்குள் போட்டு, மீதி இரண்டை வேறொரு பையில் போடச் சொல்லுங்கள். பையை எல்லார் முன்னிலையிலும் எண்ண வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான பகுதியின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள், யார் என்ன சொன்னார் என்று எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். புகார்ப் பெட்டி வைப்பதானால் சிசிடிவி கேமரா பார்வைக்குள்ளோ ஆபீஸ் வாசலிலோ வைக்காதீர்கள். பாத்ரூம் போகும் வழியே சரியான இடம்.

4. டார்கெட்டையும் ஷிப்மென்டையும் சரிசெய்தல்

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். கேட்டு வாங்கிய குறைகளில் பாதிக்குமேல் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஒரு டிஷர்ட்டுக்குத் தையல் நேரம் 8 நிமிடம், லைனில் 30 பேர், ஷிப்ட் 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 30ஐ 480ஆல் பெருக்கினால் 14,400 நிமிடம். 8ஆல் வகுத்தால் 1,800 பீஸ். பல இடங்களில் இந்த 1,800ஐ அப்படியே பலகையில் எழுதிவிடுகிறார்கள். அது ஒருவர்கூட எழாமல், ஒரு நூலும் அறாமல், கட்டிங்கிலிருந்து வரும் ஒரு பண்டலும் (வெட்டிய துணிக் கட்டும்) தாமதமாகாமல் ஓடினால் வரும் எண். அந்த லைன் உண்மையில் 60 சதவீதத் திறனில் ஓடுகிறது என்றால் நியாயமான எண் 1,080, அதாவது மணிக்கு 135. பலகையில் மணிக்கு 225 என்று இருக்க 135 வந்துகொண்டிருந்தால், நன்றாகத் தைக்கும் லைன் நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கும். தோற்றுக்கொண்டே இருப்பவரின் மனம் எப்படி இருக்கும் என்று சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை.

எனவே டார்கெட்டை அந்த லைனின் கடந்த நான்கு வார உண்மைத் திறனிலிருந்து போடுங்கள். கூட்ட வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று சதவீதம், அதுவும் எந்த மாற்றத்தால் அது கூடும் என்று சொல்லிவிட்டு. புது ஸ்டைல் ஏறும் முதல் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் ஒரே எண் போடாதீர்கள். கை பழக நாளாகும். முதல் நாளுக்கு வழக்கத்தில் பாதி, பிறகு படிப்படியாக ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். அன்று வந்த ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் காலை 9 மணிக்கு எண்ணைத் திருத்துங்கள். நான்கு பேர் வராத நாளில் முப்பது பேர் கணக்கை 26 பேர் தலையில் ஏற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம்.

இன்னும் ஆழத்தில் இருக்கும் காரணம் வேறு. சாயப் பட்டறையிலிருந்து துணி இரண்டு நாள் தாமதமாக வருகிறது. பையரின் (ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின்) அப்ரூவல் ஒரு நாள் இழுக்கிறது. லேபிள் வரவில்லை. ஷிப்மென்ட் தேதி மட்டும் நகர்வதில்லை. எங்கெங்கோ தொலைந்த அந்த மூன்று நாளும் கடைசியில் டெய்லரின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. இதற்கு மருந்து தையல் ஹாலில் இல்லை, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மேஜையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் லைன் ஏறும் தேதிக்குப் பத்து நாள் முன்பு கட்டிங், மெர்ச்சண்டைசிங், உற்பத்தி மூவரும் அரை மணி உட்கார வேண்டும். துணி, நூல், லேபிள், அப்ரூவல் நான்கும் கைக்கு வராமல் லைன் ஏற்றக் கூடாது. தாமதம் தெரிந்த அன்றே பையரிடம் தேதி கேட்க வேண்டும். கடைசி மூன்று நாளில் கேட்டால் கிடைக்காதது பத்து நாள் முன்பு கேட்டால் பல நேரம் கிடைக்கும்.

5. நேரம், ஓய்வு, கூலி

காலை 8.30க்கு வந்து இரவு 8.30 வரை நிற்கும் ஒன்றரை ஷிப்ட், ஆறு நாளைக்கு 72 மணி. சாப்பாடு, டீ இடைவேளை என்று நாளுக்கு ஒன்றரை மணி கழித்தாலும் 63. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றும் வகுத்தது. 2020இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இரட்டைக் கூலியைச் சொல்கிறது, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது.

நடைமுறையில் நான்கு விதி வையுங்கள். ஓவர்டைமை முந்தின நாளே சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்குச் சொன்னால், பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற பதற்றத்தோடுதான் அந்த அம்மா தைப்பார். முடியாது என்றவரிடம் காரணம் கேட்கக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்க 11 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். வாரம் ஒரு முழு நாள் விடுப்பு ஷிப்மென்ட் வாரத்திலும் உண்டு.

லைனுக்கு ஒரு மாற்று டெய்லர் வையுங்கள். எல்லா ஆபரேஷனும் தெரிந்தவர், யாராவது எழுந்தால் அந்த இடத்தில் உட்காருவதே அவர் வேலை. பாத்ரூம் டோக்கனைத் தூக்கிவிடலாம். எழுந்தால் பண்டல் தேங்கும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள் இங்கே நிறைய. அது சிறுநீர்த் தொற்றாக முடிகிறது. செக்கிங்கிலும் அயர்னிலும் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வைக்கச் சட்டமே சொல்கிறது.

பீஸ் ரேட்டில் தைப்பவரின் கவலை வேறு மாதிரி. பண்டல் வராத நேரத்துக்குக் கூலி இல்லை என்பதால், வந்தவுடன் வெறிகொண்டு தைப்பார். கட்டிங் தாமதத்தால் அரை மணிக்குமேல் சும்மா இருக்க நேர்ந்தால் அவரது சராசரிக் கூலியில் அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். ரேட்டை முதல் பண்டல் இறங்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள்.

6. சூப்பர்வைசர்

சத்தம் போடும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கண்டித்தால் ஒரு வாரம் அமைதியாக இருப்பார். அவரை எதைக் கொண்டு அளக்கிறோம் என்று பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பீஸ் என்ற ஒரே கேள்விதான் அவரிடம் கேட்கப்படுகிறது. மேலே வாங்கியதைக் கீழே இறக்குகிறார். அவரது மதிப்பீட்டில் பீஸ் கணக்கோடு ஆல்டரேஷன் சதவீதம், லைனை விட்டு நின்றவர் எண்ணிக்கை, பட்டன் கணக்கெடுப்பின் முடிவு ஆகியவற்றையும் சேருங்கள். ஒருவர் 30 பேருக்குமேல் பார்க்கும்படி விடாதீர்கள்.

நன்றாகத் தைத்தவரை நேற்று டெய்லர், இன்று சூப்பர்வைசர் என்று ஏற்றிவிடுவது வழக்கம். ஆளை நடத்தும் பயிற்சி யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு மணி நேர வகுப்பு மூன்று போதும், நடித்துக் காட்டி நடத்தினால். முக்கியமாகப் பழக வேண்டியது தவறைச் சொல்லும் விதம். மைக்கில் பெயர் சொல்லக் கூடாது. மிஷின் அருகே போய், பீஸைக் கையில் வைத்து, "அக்கா, ஷோல்டர்ல தையல் விட்டிருக்குதுங்க, இந்த ஒரு பண்டலை மட்டும் பார்த்துக்குங்க, மெக்கானிக்கை வரச் சொல்றேன்" என்றால் வேலையும் நடக்கும், மனமும் நோகாது. சாதி, ஊர், மொழி, உடம்பு இவற்றைத் தொட்டுப் பேசினால் முதல் முறையே எழுத்தில் எச்சரிக்கை, மறுமுறை லைன் பொறுப்பிலிருந்து விலக்கல். பதவி உயர்வில் இருக்கும் "நல்லா ஓட்டுற ஆளு" என்பவருக்கும் இதே விதி பொருந்தினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

7. பாலியல் தொல்லை

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள்ளகக் குழு அமைக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை முடிவு. எழுத முடியாதவருக்கு எழுதித்தரக் குழு உதவ வேண்டும். விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்போ இடமாற்றமோ கேட்கலாம். இடமாற்றம் என்றதும் புகார் சொன்ன பெண்ணை அவர் கேட்காமலே வேறு யூனிட்டுக்கு அனுப்புவது தவறு. அது தண்டனையாகவே மற்றவர் கண்ணில் படும்.

சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தும் புகாரே வரவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற அளவில், தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் லைனில் இருக்க அது வகை செய்தது. பக்கத்து மிஷினில் இருக்கும் பெண்ணிடம் சொல்வது, மாடியேறி ஆபீசில் சொல்வதைவிட எளிது.

ஹாஸ்டல் நடத்தும் கம்பெனிகள் அதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். வேலை முடிந்தபின் போனில் பேசவும் விடுமுறையில் வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தால், அவர் 24 மணி நேரமும் சூப்பர்வைசரின் கீழ் இருக்கிறார் என்றே பொருள்.

8. ஒருவர் தளர்ந்திருப்பது தெரிந்தால்

வழக்கத்தைவிட மாறிய நடத்தைதான் அடையாளம். கலகலப்பாக இருந்தவர் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருவது, கைதேர்ந்தவர் திரும்பத் திரும்பத் தப்புவது, சும்மா சும்மா அழுகை, மதுவாடை. இரண்டு வாரம் நீடித்தால் பேச வேண்டும். தனியிடத்தில், நம்பிக்கையானவர் ஒருவர்: "ரெண்டு வாரமா உங்களுக்கு முகமே சரியில்லைங்களே. வேலையைப் பத்திக் கேக்கலைங்க, உங்களைப் பத்தித்தான் கேக்கறேன்." பிறகு கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அறிவுரை, ஜாதகம், "எல்லாருக்கும்தான் கஷ்டம்" எதுவும் வேண்டாம். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை.

உயிரை விடும் எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், ஷிப்ட் முடியும் வரை காத்திருக்காதீர்கள், ஒருவர் உடனிருந்து அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழோடு இந்தி, ஒடியா பேசுபவர்களுக்கும் ஆள் உண்டு. இந்த எண்ணை மூன்று மொழியிலும் பாத்ரூம் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், தனியாக நின்று குறித்துக்கொள்ள முடியும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவருக்குத் தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலியோடு நோய் விடுப்பு கிடைக்கும். மனநோய்க்கும் இது பொருந்தும். பலருக்குத் தெரியாததால் சம்பளமில்லா விடுப்பில் போய்க் கடனில் விழுகிறார்கள். மருத்துவச் சான்றில் உள்ள விவரம் எச்.ஆரின் ஒரே ஒருவரோடு நிற்க வேண்டும்.

திரும்பி வரும்போது முதல் வாரம் அரை ஷிப்ட், இரண்டாம் வாரம் முழு ஷிப்ட் டார்கெட் இல்லாமல், மூன்றாம் வாரம் பாதி டார்கெட், நான்காம் வாரம் வழக்கம்போல் என்று மருத்துவர் யோசனையோடு அமையுங்கள். இந்த நான்கு வாரமும் ஓவர்டைம் கிடையாது. எந்தச் சூப்பர்வைசரால் நொந்தாரோ அவர் லைனுக்கே திருப்பி அனுப்பினால் எல்லாம் பாழ்.

9. தொடர்ந்து பார்த்தல்

மாதம் ஒரு முறை குழு கூடி ஐந்து எண்களை மட்டும் லைன் வாரியாகப் பார்க்கட்டும்: வாரம் 55 மணியைத் தாண்டியவர் எத்தனை பேர், 30 நாளுக்குள் நின்றவர், ஆல்டரேஷன் சதவீதம், மாலைக்குப்பின் ஊசிக் காயம், முந்தின நாளே சொல்லாமல் போட்ட ஓவர்டைம். பட்டன் கணக்கெடுப்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முடிவையும் அதற்கு என்ன செய்தோம் என்பதையும் ஒரே தாளில் பலகையில் ஒட்டுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் புகார்கள் கூடும். பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், பேசலாம் என்று நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். மாறாக, தீபாவளிக்கு முந்தைய ஷிப்மென்ட் வாரங்களில் 55 மணியைத் தாண்டியவர் எண்ணிக்கை எகிறினால், அடுத்த ஆண்டு அந்த மாதத்துக்கான ஆர்டரை ஒப்புக்கொள்ளும் கூட்டத்திலேயே அந்தத் தாளை மேஜையில் வையுங்கள்.